தொய்வு மருந்து

எந்த இடத்திலும் தொடர்ந்து இருக்கமாட்டார் அந்த அக்கா. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அபிசேகம் நடந்துகொண்டிருக்கும். பால் முடிந்து தயிர் தொடங்குவதற்குள் எழும்பிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார். கலியாண மண்டபத்தில் சரியாகத் தாலி கட்டுகிற நேரம் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடக்கும். செத்தவீடுகளில் தேவாரம் தொடங்கினால் போதும், பக்கத்தில் இருப்பவரின் மடியில் கைப்பையை வைத்துவிட்டு, "ஒருக்கா வெளியில போட்டு வாறன், பிள்ளை" என்பார். கைப்பை இருக்கிறதே, வருவார் என்று நாங்களும் காத்திருப்போம். வருவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போவார்.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. நானும் என் கணவரும் அங்கே குடிவந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. புருசன் ஊரிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகன் படித்து, கொம்பியூட்டர் வேலை எடுத்து, நகருக்கு வெளியே மார்க்கம் என்ற இடத்தில் தனிவீடு வாங்கியிருந்தான். தாயையும் வந்து இருக்கச் சொன்னான். அக்கா ஒரு கோடை முழுக்க அங்கே இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"ஏனக்கா?" என்று கேட்டேன்.

"அங்க வீட்டுக்குள்ளயும் ஒருத்தருமில்லை, வெளியிலயும் ஒருத்தருமில்லை. பிறகு எங்கயெண்டு போறது?"

என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி வந்த அன்று மாடி முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. அக்காவும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம்தான் இருந்தார், எழும்பிப் போய்விட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அப்பாவைப் பற்றி நான் சொல்லத் தொடங்கிய இடத்தில்தான் அவர் எழும்பினார். பிறகு குளிர் ஒட்டிய கோட்டோடும் பெப்பர்மின்ற் வாசனையோடும் வந்து பழையபடி கையைப் பிடித்தார். அன்று முழுக்க இப்படியே போய்ப் போய் வந்தார். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து, ஆறுதல் சொல்லி, வேலைக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம் பார்த்தால், என்னோடு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வெளியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது ஒரு மழை நாளில். கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டிகள் வைக்கிற கூரைக்குக் கீழே, துப்புரவு வேலை செய்கிற இரண்டு பிலிப்பீனோப் பெண்களோடு நின்று சிகரட் பிடித்துக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் மகனுடைய பழைய கோட். என்னைக் கண்டும் கையை மறைக்கவில்லை.

"கண்டிட்டியோ? சரி. காத்து அந்தப் பக்கம் அடிக்குது, நீ இஞ்சால வந்து நில்."

ஒருத்தருக்கும் சொல்லாதே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பொம்பிளை ஒருத்தி சிகரட் பிடிக்கிறா என்ற கதை லிஃப்றில் ஏறினால் கீழே வந்து சேருமுன் முப்பது வீட்டுக்குப் போய்விடும். பல்கணியில் நின்று பிடிக்கவும் வழியில்லை. எதிர்க் கட்டடத்திலும் பாதி எங்கள் சனம்.

எப்படித் தொடங்கினார் என்பதை ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கனடாவுக்கு வந்த முதல் குளிரில் ஒஃபிஸ் கட்டடம் ஒன்றைத் துடைக்கும் வேலை.

"சிகரட் பிடிக்கிறவைக்கு மட்டும் பத்து நிமிசம் வெளியில விடுவாங்கள். நான் சும்மா போய் அவையோட நிண்டன். நீ பிடிக்கேல்லைத்தானே, உள்ள போ எண்டான் சூப்பவைசர். அடுத்தநாள் ஒரு பெட்டி வாங்கினன்."

"அதுக்காகவோ அக்கா?"

"வேற எதுக்கு? அந்த நாத்தமே எனக்குப் பிடிக்காது."

அதற்குப் பிறகு, இடையில் கொஞ்சக் காலம் தவிர, கடைசிவரை பிடித்தார். பல வருடங்கள் கழித்து அந்த மார்க்கம் வீட்டில்தான் காலமானார். நுரையீரல்தான் என்றார்கள். நான் சொல்ல வந்தது ஊரில் சண்டை முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்தைப் பற்றி.

அந்த வருடம் தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் ரீவியும் கொம்பியூட்டரும் நிற்பாட்டப்படவில்லை. தமிழ்ச் செய்தி வருகிற ரீவி இணைப்பு எங்கள் மாடியில் எங்களிடம் மட்டுமே இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போகுமுன் எட்டிப் பார்ப்பார்கள், வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்துவிடுவார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுணில் வீதியை மறித்து நின்ற நாட்களில் எல்லோரும் நடந்தே போய் வந்தோம். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிடும். வீட்டுக்கு வந்து மறுபடியும் ரீவிக்கு முன்னால் இருப்போம். யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சோறு வெந்ததா, உப்புப் போட்டேனா என்றெல்லாம் எனக்கு அந்த மாதங்களில் தெரியாது. சாப்பிட்டவர்களும் சொல்லவில்லை.

அக்காவின் ஒரே தங்கையும் தங்கையின் இரண்டு பெண் பிள்ளைகளும் சண்டை நடந்த வன்னியில் இருந்தார்கள். கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தது மாசியில். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும்.

பங்குனி கடைசியில் அக்காவுக்கு இருமல் கூடியது. லிஃப்ற் வேலை செய்யாத ஒரு நாள் படியேறி வந்து கதவடியில் இருந்துவிட்டார், மூச்சு விசில் அடித்தது. டொக்டர் நிற்பாட்டச் சொல்லிவிட்டார். தாய் சிகரட் பிடிப்பது மகனுக்குத் தெரியும், அதைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை. அந்த ஞாயிறு அவன் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவனோடு வேலை செய்கிற சீனப் பொடியன் ஒருவன் ஊருக்குப் போய் வரும்போது வாங்கி வந்ததாம்.

"அம்மா, இது இலெக்ரோனிக் சிகரட். நோ ஸ்மோக். பேப்பரில எல்லாம் இருக்கு, ஜஸ்ட் றீட் இற்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பேப்பர் முழுக்கச் சீன எழுத்து. அடியில் நாலு வரி ஆங்கிலம் இருந்தது. சந்தோசமாக உறிஞ்சவும், தண்ணீரில் போடவேண்டாம் என்பது மட்டும் விளங்கியது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்தார்.

"இதை என்னண்டு பத்த வைக்கிறது எண்டு பார், பிள்ளை."

உள்ளே ஒரு வெள்ளைக் குழாய். சிகரட்டின் பஞ்சுப் பக்கம் மாதிரி மண்ணிறத்தில் சின்னத் துண்டுகள் சில. கொம்பியூட்டரில் குத்துகிற மாதிரி வால் உள்ள ஒரு கறுப்புக் கட்டை. வெள்ளைக் குழாயின் நுனி கொஞ்சம் கருகி இருந்தது.

"லைற்றரால பத்த வைச்சுப் பாத்தனீங்களோ அக்கா?"

"வேற என்னத்தால பத்த வைக்கிறது? பிளாஸ்ரிக் மணந்தது, விட்டிட்டன்."

பொத்தான் எங்கேயாவது இருக்கிறதா என்று குழாயை உருட்டி உருட்டிப் பார்த்தோம். இல்லை. மண்ணிறத் துண்டை அதன் மற்ற முனையில் வைத்துத் திருகினேன், இறுகியது. அக்கா வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "சும்மா இழுத்துப் பாருங்கோ" என்றேன். இழுத்தார். கருகின நுனியில் தானாகவே சிவப்பு லைற் ஒன்று பற்றியது.

"ஐயோ, பத்துதடி!" என்று மேசையில் போட்டுவிட்டார்.

லைற் அணைந்துவிட்டது. நான் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. அக்கா எடுத்து இன்னொருமுறை இழுத்தார். வாயிலிருந்து மெல்லிய வெள்ளையாக ஏதோ வந்து, என் அடுப்புக்கு மேலே போகுமுன்னரே இல்லாமல் போனது. மணமும் இல்லை.

"புகையோ இது?"

"நீராவி மாதிரி எண்டு நினைக்கிறன்."

"சோத்துப் பானைக்கு மேல வாயை வைச்ச மாதிரித்தான் இருக்கு" என்றார் அக்கா. இருந்தாலும் மூன்றாவது முறையும் இழுத்தார்.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் வந்து கதவைத் தட்டினார். இழுக்கும்போது நுனி லைற் மின்னி மின்னிக் காட்டிவிட்டுச் செத்துப்போனதாம். தான் நெருப்பு வைத்ததால்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்திருந்தார். மகனுக்குப் போன் எடுத்தால் மீற்றிங்கில் நிற்கிறானாம்.

"பற்றறி முடிஞ்சிருக்கும் அக்கா. சார்ஜ் போட வேணும்."

"அதுக்கு இந்த வாலை எங்க குத்துறது? சுவரில இப்பிடி ஓட்டை இல்லையே."

எங்கள் கொம்பியூட்டரில் இருந்தது. வன்னிச் செய்தி ஓடிக்கொண்டிருந்த திரைக்குக் கீழே, கறுப்புக் கட்டையின் வாலைக் குத்தினேன். கட்டையின் தலையில் ஒரு வட்டக் குழி. மண்ணிறத் துண்டை அதற்குள் விட்டுப் பார்த்தோம், ஆடியது. பிறகு துண்டைக் கழற்றி எடுத்துவிட்டு வெள்ளைக் குழாயைத் திருகினோம். இறுகியது. கட்டையில் சிவப்பு லைற் வந்தது.

"சிவப்பெண்டால் பிழையெல்லோ?" என்றார் அக்கா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கழற்றி எடுத்தோம். நாலு இழுவைக்கு வேலை செய்துவிட்டு மறுபடியும் மின்னிச் செத்தது. திரும்பவும் குத்தினோம். இந்தமுறை என்ன வந்தாலும் வரட்டுமென்று விட்டுவிட்டு நான் மரக்கறி வெட்டப் போனேன். அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் பருப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது லைற் பச்சையாகியிருந்தது.

"பச்சை வந்தால் நிறைஞ்சிட்டுது எண்டு அர்த்தம்" என்றேன்.

அக்கா லைற்றைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்கர் ஒன்றின் வாசலில் சில பிள்ளைகள் நிற்கிற படம். நான் போனபோதிருந்தே அதே படம்தான் அங்கே நின்றிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அதை எல்லோருக்கும் முன்னால் வைத்து இழுக்கத் தொடங்கினார். என்னவென்று கேட்டவர்களுக்குத் தொய்வு மருந்து என்றார். எங்கள் பக்கத்தில் ஆஸ்துமாவைத் தொய்வு என்றுதான் சொல்வோம். அவருடைய இருமலை எல்லோரும் கேட்டிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் மாடியின் மூன்றாம் கதவு அங்கிள் மட்டும் கேட்டார்.

"மருந்தெண்டால் ஏன் லைற் பத்துது?"

"கனடா மருந்து அண்ணை. இப்பிடித்தான் வருது."

இப்போது அக்காவுக்கு வெளியில் போக வேண்டிய தேவை இல்லை. பல வருடங்களில் முதல்முறையாக ஒரு இடத்தில் இருந்தார். "அக்கா இப்பதான் எங்களோட ஒருத்தி மாதிரி இருக்கிறா" என்று என் கணவர்கூடச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ரீவியில் ஆஸ்பத்திரியைக் காட்டும்போது அவருடைய கால் எழும்பப் பார்க்கும். கதவைப் பார்ப்பார், கையில் இருப்பதைப் பார்ப்பார், திரும்பவும் இருப்பார். இழுத்துக்கொண்டே இருப்பார். மின்னினால் கொம்பியூட்டரில் குத்திவிட்டு, பச்சை வரும்வரை அதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். அந்தத் திரையில் வந்ததையெல்லாம் எங்களில் கூடுதலாகப் பார்த்தவர் அவர்தான். முகம் மட்டும் அசையாது. தண்ணீர்கூடக் கேட்கமாட்டார்.

சண்டை முடிந்துவிட்டது என்று சொன்ன அந்தத் திங்கட்கிழமை இங்கே விக்டோரியா நாள் விடுமுறை. அதனால் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து வீட்டில் நிற்க இடமில்லை. யாரோ விம்மினார்கள், யாரோ பொய் என்று சத்தம் போட்டார்கள், பின்னேரமானபோது அதுவும் ஓய்ந்துவிட்டது. அக்கா மூலைக் கதிரையில் இருந்தார். மருந்து கொம்பியூட்டரில் குத்திக் கிடந்தது.

அவர் எழும்பினார். "ஒருக்கா..." என்று தொடங்கினார்.

மூன்றாம் கதவு அங்கிள் அன்பாகத்தான் சொன்னார்: "எங்க தங்கச்சி போறியள்? மருந்து இஞ்சதானே இருக்கு. இருங்கோ, இண்டைக்கு ஒருத்தரும் தனிய இருக்கக் கூடாது."

அக்கா இருந்துவிட்டார். இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஊர்வலத்துக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல்கள் வெறும் போத்தல்களாக எங்கள் வாசலில் மூன்று பைகளில் நிறைந்து கிடந்தன. நான் இரண்டைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, உந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ. கீழ கொண்டுபோய்ப் போட வேணும்" என்றேன். என் கணவர் தான் வருகிறேன் என்று எழும்பினார். வேண்டாம் என்றேன்.

பின்பக்கக் கூரைக்குக் கீழே போய் நின்றோம். அக்காவிடம் சிகரட் இல்லை. பையைத் தொட்டிக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். இன்னும் இருட்டவில்லை. பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகள் விடுமுறைக்கு வாணம் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். வெடிச்சத்தம் கட்டடங்களுக்கு நடுவே மோதி மோதி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். திடுக்கிடக்கூட இல்லை.

"நான் கனடாவுக்கு வெளிக்கிடேக்கை அவளுக்குச் சொல்லேல்லை" என்றார் அக்கா.

"ஆருக்கு?"

"தங்கச்சிக்கு. சொன்னால் அழுவாள், பின்னால வருவாள். சந்தைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கொழும்புக்கு பஸ் ஏறினனான். பையும் கையுமா நிண்ட என்னைப் பாத்து, பூசணிக்காய் வாங்கி வாங்கோ எண்டாள்."

வாணம் முடிந்த பிறகு மேலே போனோம்.

அந்தக் கோடை முழுக்க முகாம்களின் படங்கள் வந்தன. கம்பிக்குப் பின்னால் நிற்கிற சனத்தை அக்கா திரையில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பார். முகாம்களுக்குப் பக்கத்தில், வவுனியாவில் இருந்த தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தபோது எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார். தான் வெளியில் போயிருக்கும்போது அடித்தால் என்ன செய்வது என்றார்.

ஐப்பசியில் ஒரு காலை மணி அடித்தது. தங்கையின் மூத்த மகள். முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் கதைத்தாள். நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். "சாப்பிட்டியோ? அங்க மழையோ?" என்று அக்கா கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் அதே கதை. தண்ணிக்கு வரிசை, மழை, கூடாரத்துக்குள் ஈரம். அவளுடைய தாயும் தங்கச்சியும் எங்கே என்று அக்கா கேட்கவில்லை. கேட்கச் சொல்லி மகன் கரைச்சல் கொடுத்தான். "அவள் சொல்லேக்கை சொல்லட்டும்" என்றுவிட்டார்.

மரங்கள் இலை கொட்டி முடிந்திருந்த ஒரு காலையில் அவள் சொன்னாள். நான் குசினியில் நின்றேன். அக்கா தொலைபேசி வாங்கியைக் காதில் வைத்து, "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று எழும்பினார். எங்களுடையது வயர் உள்ள பழைய தொலைபேசி. வயர் இழுபட்டு, மேசையிலிருந்த அதன் பெட்டி சரிந்து நிலத்தில் விழுந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றார். வாசல் கதவு நாலு எட்டுத் தூரம். நான் போய் வாங்கியைக் கையில் எடுத்துக்கொள்ளவா என்று சைகையால் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுக் குனிந்து பெட்டியை எடுத்தார், மடியில் வைத்தார், கதிரையில் இருந்தார்.

"சொல்லு, பிள்ளை. நான் இருக்கிறன்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்குக் கேட்கும், சொற்கள் விளங்காது. அழுகிற குரல் இல்லை. கடையில் என்னென்ன வாங்கினேன் என்று சொல்வதுபோல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அக்கா இடையில் ஒரு சொல் பேசவில்லை. இருமல் வந்தபோது வாயைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டார். நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் குசினி வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யன்னல் வெயில் மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

கடைசியில் மெல்லிய குரலில் எதையோ கேட்டார், பதிலைக் கேட்டு, "சரி" என்றார். வாங்கியை வைத்தார்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.

"என்னக்கா சொன்னவள்?"

"எல்லாம் சொன்னவள்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்று அவள் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மகனுக்கும் அக்கா சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். வெறும் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அவளுக்குச் செருப்பு இல்லையாம். வவுனியாவில ஆரையும் பிடிச்சு வாங்கிக் குடுப்பிக்க வேணும். அளவு கேட்டு வைச்சிருக்கிறன். ஆறாம் நம்பர்."

கோப்பையை நான் வாங்கியும் அவர் கையை எடுக்கவில்லை.

"தாய்க்கும் ஆறுதான்" என்றார்.